மிக்சியின் பாட்டு முடிந்த கதை

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பாட்டைக்கூட முடிக்காமல் பேர் வாங்கிய ஒரே இசைக்கலைஞர் எங்கள் தெரு மிக்சிதான். மாவட்டம் என்று நான் சொன்னது அடக்கம் கருதி. அவரிடம் கேட்டிருந்தால் ஆசியா என்றிருப்பார். சொன்ன வேகத்தில் இரண்டு கைகளையும் கூப்பி, "எல்லாம் உங்க ஆதரவு" என்றும் சேர்த்திருப்பார்.

ஆலங்குடிக்குக் கணக்கு டீச்சராக மாற்றலாகிப் போனபோது ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனை வாடகைக்குப் பிடித்தேன். வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்கும்போது, "அமைதியான தெருங்க டீச்சர். தென்னை ஓலை ஆடுற சத்தந்தான் கேக்கும்" என்றார். சொல்லிவிட்டு அவர் ஏன் அத்தனை வேகமாகப் படியிறங்கிப் போனார் என்பது சாயங்காலம்தான் விளங்கியது.

சாயங்காலம் விடைத்தாள் கட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. மிக்சி ஜாரில் கொட்டாங்குச்சியைப் போட்டு, கூடவே ஒரு கரண்டியையும் விட்டு அரைத்தால் வருமே, அந்தச் சத்தம். கொஞ்ச நேரம் பொறுத்தேன். நிற்கவில்லை. அப்படி என்னதான் சட்னி அது என்று கேட்கக் கீழே இறங்கிப் போனேன்.

எதிர்வீட்டு வாசலில் ராசாத்தி அக்கா ஒரு செவலைக் காளைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நெடுநெடுவென்று உயரம். கண்டாங்கியை வரிந்து கட்டியிருந்தார். அந்த மாடும் அவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே வாழ்பவர்கள் என்பது முதல் பார்வையிலேயே தெரிந்தது.

"என்னங்க அது, இவ்வளவு நேரமா எதை அரைக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"அரைக்கலைங்க டீச்சர். வாசிக்கிறான்."

"யாரு?"

"மிக்சி."

அப்படித்தான் அறிமுகம். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை. தொழில், போர்வெல் மோட்டார் ரிப்பேர். சுற்றுவட்டாரத் தென்னந்தோப்புகளில் எந்த மோட்டார் நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குமுன் ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியனாக இருந்திருக்கிறார். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் கம்பளி, சென்ட்டு, டார்ச் லைட்டு கொண்டுவருவது வழக்கம். இவர் கொண்டுவந்தது ஒரு சிவப்பு எலக்ட்ரிக் கிடார், ஒரு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி, காலால் மிதித்தால் சத்தத்தைக் கரகரவென்று ஆக்குகிற ஒரு குட்டிப் பெட்டி. அறையில் கூடவே தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் இவர் கையில் கொடுத்துவிட்டாராம். ராக் இசை அப்படித்தான் ஆலங்குடிக்கு வந்து சேர்ந்தது. யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

ஆள் பார்க்க எப்படி இருப்பார் என்றால், சித்திரை வெயிலிலும் கறுப்பு ஜாக்கெட். உள்ளே மண்டை ஓடு போட்ட பனியன். "டிரான்ஸ்பார்மர்ல தொங்கவிட்டிருப்பாங்கள்ல அபாயம்னு, அதக் கழட்டி மாட்டிக்கிட்டு வந்துட்டான் பாருங்க" என்பார் ராசாத்தி அக்கா. அதைக் கேட்டு அவர் கோபித்துக்கொண்டதே கிடையாது. மறுநாள் டிரான்ஸ்பார்மருக்கு எதிரில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

புகழ் வருவதற்கு முன்பே அதற்குத் தயாராகிவிடவேண்டும் என்பது அவருடைய கொள்கை. புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி சீட்டின் மூலையில் முகத்தைத் திருப்பி உட்காருவார். ஜனங்கள் தொந்தரவு செய்துவிடக்கூடாதாம். ஜனங்கள் தொந்தரவு செய்யவில்லை. கண்டக்டர் மட்டும் இரண்டு தடவை வந்து, "யாருங்க அங்கிட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டு? டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"பாத்தீங்களா டீச்சர், ஒரு தடவைக்கு ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போறாரு" என்று முன்சீட்டில் இருந்த என்னிடம் குனிந்து சொன்னார் மிக்சி.

அதைவிட மோசம் அவருடைய தன்னடக்கப் பயிற்சி. பெரிய ஆளான பிறகு தலைக்கனம் வந்துவிடுமோ என்று அவருக்கு உண்மையிலேயே பயம். ஆகவே பணிவை முன்கூட்டியே பழகிவந்தார். டீக்கடையில் மாஸ்டர், "ஏப்பா, ஒன் டீ ஆறிப்போச்சு" என்றால் மிக்சி எழுந்து நின்று கும்பிட்டு, "நான் ஒண்ணுமே இல்லண்ணே. எல்லாம் நீங்க போட்ட பிச்சை" என்பார். மாஸ்டர் பயந்துபோய் வேறு டீ போட்டுக் கொடுத்துவிடுவார்.

இப்படிப்பட்ட ஆளுக்குச் சொந்தப் பாட்டு என்று இருந்தது ஒன்றே ஒன்று. வரிகள் கிடையாது, கிடார் மட்டும். சொல்லப்போனால் ஒரு காபி ஆறுகிற நேரம் ஓடும். ஆனால் அந்தப் பாட்டை அவர் நாலுபேர் முன்னால் முழுசாக வாசித்ததே இல்லை. அவர் வாசிக்கமாட்டேன் என்றதில்லை, ஊர்தான் விடுவதில்லை.

ஒரு காதுகுத்து வீட்டில் ஆரம்பித்தார். பாட்டு கொஞ்சம் சூடு பிடிப்பதற்குள், "தாய்மாமன் சீர் வருது, வழி விடுங்க" என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு கல்யாண வரவேற்பில் மைக்செட்டுக்காரர் பாதியிலேயே வயரை உருவிவிட்டு, "ஸ்பீக்கர் கிழிஞ்சுரும்பா, நான் பிள்ளகுட்டிக்காரன்" என்றார். பாவம், அந்த மனிதர்தான் எங்கள் பக்கத்து விசேஷங்களுக்கெல்லாம் மைக்செட்டு. ஆகவே மிக்சி மேடையேறுவதைப் பார்த்தாலே அவர் கை தானாகப் பிளக்கிடம் போய்விடும். எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் நான் தலைமையாசிரியர் காலைப் பிடித்து மிக்சிக்கு நேரம் வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு மைக்செட்டுக்காரரின் கை பிளக்கை எட்டுவதற்குள் கரண்டே போய்விட்டது. இருட்டில் யாரோ, "கடவுள் இருக்காருடா" என்றார்கள்.

ஒரு தடவை பக்கத்து ஊர் முந்திரி வியாபாரி ஒருவர் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, "இந்தச் சத்தத்த ஏன் வீணாக்குறீங்க? முந்திரிக்கொட்டைய பக்கத்துல கொண்டாந்து வச்சா தானா ஒடஞ்சுரும்ல" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மிக்சியும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில் நான் ஆறுதலாக ஏதோ சொல்லப்போக, அவர் மறித்தார்.

"திட்டுறவன் சும்மா திட்ட முடியாதுங்க டீச்சர். கேட்டுட்டுத்தான் திட்டணும். கேக்காமப் போறாம் பாருங்க, அவன்தான் நமக்கு ஆகாதவன். இவரு முந்திரி ஒடையிற வரைக்கும் யோசிச்சிருக்காருல்ல?"

அந்த மனிதருக்கு விமரிசனம் என்ற ஒன்று உடம்பில் ஒட்டவே ஒட்டாது. இணையத்தில் ஒரு சேனல் வைத்திருந்தார். அதில் யாரோ ஒருவர், 'காது கேட்காமல் பிறந்திருக்கலாம்' என்று எழுதியிருந்தார். அதை மிக்சி தெரு முழுக்கக் காட்டினார். "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுதியிருக்காரு. தூங்க முடியல பாருங்க அவருக்கு" என்றார் பெருமையாக.

ஒருநாள் தெருவே திரண்டு அவர் வீட்டுக்குப் புகார் சொல்லப் போனது. ராசாத்தி அக்கா தலைமை. "இவன் வாசிக்கிறப்ப என் மாடு தண்ணி குடிக்க மாட்டேங்குது, தொட்டிய ஒதைக்குது. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்" என்று சேலையை வரிந்துகொண்டு அவர்தான் முன்னால் நடந்தார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். மிக்சி கதவைத் திறந்தார். வாசல் நிறைய ஆட்கள். முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே ஓடிப் பாய், நாற்காலி, கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் வாளி என்று எல்லாவற்றையும் போட்டு உட்காரவைத்து, டீ சொல்லி அனுப்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இத்தன பேரு ஒண்ணா என்னப் பாக்க வந்ததே இல்லைங்க" என்றார். கண்ணில் தண்ணீர் வேறு. திட்ட வந்தவர்கள் டீ குடித்துவிட்டு, சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும் மட்டும் வாசித்துக்கொள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தார்கள். மறுநாள் டீக்கடையில் அவர் அதை ரசிகர் மன்றக் கூட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கேதான் ராசாத்தி அக்காவுக்கு ஒரு யோசனை உதித்தது. அவருடைய செவலை வளர்ப்பு மாடுதான், ஆனால் ஜல்லிக்கட்டுக் காளை. முந்தைய வருஷம் வாடிவாசலில் அவிழ்த்துவிட்டபோது மைக் சத்தத்துக்கும் கூட்டத்தின் கூச்சலுக்கும் மிரண்டு அப்படியே நின்றுவிட்டது. முதலில் வந்த பையன் சாவகாசமாகத் திமிலைத் தழுவிக்கொண்டு போட்டோவுக்கு வேறு பார்த்தான். அக்காவுக்கு ஆறாத புண் அது. சத்தத்துக்குப் பழகாத மாட்டை வாடியில் விடக்கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்காகச் சிலர் டிராக்டரை உறுமவிடுவார்கள், சிலர் தகரத்தைத் தட்டுவார்கள்.

"இதுக்கு மேல ஒரு சத்தம் ஒலகத்துல இல்ல" என்று முடிவுகட்டினார் அக்கா. "இதத் தாங்குன மாடு எதையும் தாங்கும்."

மறுநாளிலிருந்து மிக்சி கிடாரை எடுக்கும் நேரத்துக்குச் செவலையைக் கொண்டுவந்து அவர் வீட்டு காம்பவுண்டுச் சுவரை ஒட்டிக் கட்டினார். பாட்டு தொடங்கியதும் தொட்டியில் பருத்திக்கொட்டையும் தவிடும் கலந்து வைப்பார். முதல் வாரம் மாடு முளைக்குச்சியைப் பிடுங்கப் பார்த்தது. அடுத்த வாரம் காதை மட்டும் ஆட்டியது. அப்புறம், கிடாரின் முதல் கரகரப்பு கேட்ட மாத்திரத்தில் எச்சில் ஒழுகத் தொட்டியைப் பார்த்துத் திரும்பியது. ஒரு மாதத்துக்குப் பிறகு அதைக் கட்டக்கூட வேண்டாம். சத்தம் கேட்டால் தானாகவே தெருவைத் தாண்டி வந்து நிற்கும்.

மிக்சி இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. "ஒரு நாளும் தவறினதில்லைங்க டீச்சர். பாதியில எந்திரிச்சுப் போனதும் இல்ல" என்றார்.

எனக்கு மட்டும் ஒரு வேதனை. அந்தப் பாட்டைத் தினமும் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. எங்கே ஏறும், எங்கே இறங்கும், எங்கே கரண்டி ஜாரில் மாட்டிக்கொள்ளும், எல்லாம் தெரியும். ஆனால் முடிவு தெரியாது. ஒரு குறிப்பிட்ட இடத்தில், மாடிப்படி பாதியில் அறுந்து தொங்குவதுபோல, நிறுத்திவிடுவார். கணக்கு டீச்சரிடம் கடைசி வரி இல்லாத கணக்கைத் தினமும் காட்டினால் அவள் என்ன செய்வாள்? ஒருநாள் மாடியிலிருந்தே கத்திக் கேட்டேன்.

"ஏங்க, அதை முடிச்சுத்தான் தொலைங்களேன்."

"அதோட கடைசி, வீட்ல வாசிக்கிறதுக்கு இல்லைங்க டீச்சர்."

"ஏன்?"

"கல்யாணப் பட்டுச்சேலைய முன்னாடியே கட்டிப் பாத்துக்கிட்டு இருப்பாங்களா? ஆளுக முன்னாடிதான். கடைசியிலதான் விஷயமே இருக்கு."

ஆண்டுவிழாவில் கரண்ட் போன பிறகு சில நாள் பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. ஊர் நிம்மதியாக இருந்தது. நானும் நிம்மதியாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்த முடிந்ததே தவிர மனசு நிலைகொள்ளவில்லை. செவலை சாயங்காலமானால் சுவரோரம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது. நானும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். கிடாரை மடியில் போட்டுக்கொண்டு, கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேற ஒண்ணுமில்லைங்க. கேட்டுட்டு நல்லால்லன்னு சொன்னா எனக்குச் சந்தோசந்தான். ஆனா யாரும் முழுசாக் கேட்டதில்லையே. அந்தக் கடைசி எனக்குள்ளயே இருந்து, நானும் ஒருநாளு போயிட்டா, அப்பறம் அது எங்கிட்டுப் போவும்?"

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "அதெல்லாம் நடக்கும்" என்று சொல்லிவைத்தேன். பரீட்சைக்குப் படிக்காத பிள்ளைகளிடம் சொல்லுவேனே, அதே குரலில். அவரோ அதை அப்படியே நம்பி, "நீங்க சொன்னா கணக்குத் தப்பாது" என்று கம்பியை முறுக்கத் தொடங்கிவிட்டார்.

தை பிறந்தது. பக்கத்து ஊரில் கோயில் திருவிழா, ஜல்லிக்கட்டு. விழாக் கமிட்டித் தலைவர் வேறு யாருமல்ல, முந்திரிக்கொட்டை யோசனை சொன்ன அதே வியாபாரிதான். காலையிலேயே ராசாத்தி அக்கா செவலைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, கொம்பில் பூச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார். தெருவே பின்னால் போனது. மிக்சி ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கிடாரையும் பெட்டிகளையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்டால், "எப்ப யாரு கூப்பிடுவாங்கன்னு தெரியாதுல்ல" என்றார்.

செவலை வாடிவாசலைவிட்டு வெளியே வந்த வேகத்தைப் பார்த்திருக்கவேண்டும். மைக் அலறியது, கூட்டம் கத்தியது, அது எதையும் சட்டை செய்யவில்லை. இதைவிடப் பெரிய சத்தத்தைக் கேட்டுப் பருத்திக்கொட்டை தின்ற மாடு அது. ஒருத்தர் கையும் திமிலில் படவில்லை. பாய்ந்து, தாண்டி, மாட்டுக்காரர்கள் கயிறோடு காத்திருக்கிற இடத்தையும் தாண்டி, தென்னந்தோப்புக்குள் புகுந்து மறைந்துவிட்டது. மைக்கில், "மாடு பிடிபடவில்லை, ராசாத்தியின் செவலைக்கு ஒரு பீரோ" என்று அறிவித்தார்கள். ராசாத்தி அக்கா பீரோவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தோப்புப் பக்கம் ஓடினார்.

சாயங்காலம் வரைக்கும் மாடு கிடைக்கவில்லை. ஜல்லிக்கட்டில் ஓடிய மாடு வெகுதூரம் போய்விடுவது உண்டு, கிணற்றில் விழுவதும் உண்டு. அக்கா போனில் பேசும்போது குரல் உடைந்திருந்தது. "ஒரு சொந்தக்காரப் பையன் வண்டியில வடக்க போய்ட்டு இருக்கேன் டீச்சர். எஞ்சாமி எங்கிட்டுக் கெடக்கோ" என்றார்.

இதற்கு நடுவில் கமிட்டித் தலைவருக்கும் ஒரு சோதனை. மேடை ரெடி, ஜனம் ரெடி, புதுக்கோட்டையிலிருந்து வரவேண்டிய இன்னிசைக் குழுவின் வேன் மட்டும் வழியில் படுத்துவிட்டது. கூட்டம் விசிலடிக்கத் தொடங்கியது. தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கிடாரை அணைத்துக்கொண்டு மேடைப் படியருகே நின்றிருந்தார் மிக்சி. ஆண்டவன் சிலருக்குக் கொடுக்கிற மாதிரி கொடுத்து, கெடுக்கிற மாதிரியும் கெடுப்பான் என்பது தலைவரின் முகத்தில் தெரிந்தது.

"சின்னதா ஒண்ணு வாசிப்பா. அவுக வந்ததும் எறங்கிரணும்" என்றார்.

மிக்சி மேடையேறினார். மைக்செட்டுக்காரரின் கை பழக்கதோஷத்தில் பிளக்கிடம் போனது. நான் முன்வரிசையில், உள்ளங்கை வேர்க்க, உட்கார்ந்திருந்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எழுதும்போதுகூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை.

பாட்டு கிளம்பியது. கேட்டவர்கள் காதைப் பொத்தினார்கள். பின்வரிசை எழுந்தது. ஒருவர் நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வழக்கமாக எங்கே நிறுத்துவார்களோ அந்த இடத்தை நெருங்கும்போது தலைவர் மைக்செட்டுக்காரரைப் பார்த்து இரண்டு விரலால் கத்திரிக்கோல் காட்டினார். மைக்செட்டுக்காரர் பிளக்கைப் பிடித்தார்.

அப்போதுதான் தோப்புப் பக்கத்திலிருந்து செவலை வந்தது.

கொம்பில் பூ தொங்க, வாயில் நுரையோடு, கூட்டத்துக்கு நடுவே நேராக மேடையைப் பார்த்து நடந்து வந்தது. நாற்காலி தூக்கியவர் தூக்கியபடியே நின்றுவிட்டார். அலறல்கூட யாருக்கும் வரவில்லை. மிக்சியும் திகைத்துப்போய் வாசிப்பதை நிறுத்தினார். நிறுத்திய நொடியில் மாடு நின்றது, தலையைத் தாழ்த்தியது, முன்காலால் மண்ணைப் பறித்தது. பெண்களும் பிள்ளைகளுமாக அத்தனை பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு விளங்கிவிட்டது. மாடு சண்டைக்கு வரவில்லை, சாப்பாட்டுக்கு வந்திருக்கிறது. சாப்பாட்டு மணி அடித்துப் பாதியில் நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? "நிறுத்தாதீங்க, வாசிங்க" என்றேன். வகுப்பில் பின்பெஞ்சு வரைக்கும் போகிற குரல் அது.

மிக்சி வாசித்தார். மாடு தலையை நிமிர்த்தியது. காதை ஒருமுறை ஆட்டியது. மேடையோரம் வந்து தொட்டியைத் தேடிப் பார்த்துவிட்டு, காணாமல், மேடைக் காலில் கட்டியிருந்த வாழைமரத்தைத் தின்னத் தொடங்கியது.

தலைவர் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு, பேறுகாலம் ஆன வீட்டில் பேசுவதுபோல ரகசியமாகப் பேசினார். "பொதுமக்கள் தயவுசெய்து யாரும் எந்திரிக்க வேணாம். கை தட்ட வேணாம். தம்பி... ஒங்களத்தான் மிக்சி தம்பி... நிறுத்தவே வேணாம்." அப்புறம் மைக்செட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "வயரத் தொட்டே, தொலஞ்சே" என்றார். மைக்செட்டுக்காரர் பிளக்கைவிட்டுக் கையை எடுத்துக் கும்பிடுவதுபோல வைத்துக்கொண்டார்.

நான் ராசாத்தி அக்காவுக்குப் போன் செய்து குசுகுசுவென்று விஷயத்தைச் சொன்னேன். "வாரேன், வாரேன், அவன நிறுத்தச் சொல்லிறாதீங்க" என்றார் அவர். ஆலங்குடித் தெருவில் எந்த வாய் தினமும் 'நிறுத்துடா' என்று கத்தியதோ அதே வாய்.

அப்படியாகத்தான் மிக்சி, தன்னைத் திட்டிய அத்தனை பேரும் கெஞ்சக் கெஞ்ச, அந்தப் பாட்டை வாசித்தார். ஏறவேண்டிய இடத்தில் ஏறியது. கரண்டி மாட்டிக்கொள்ளும் இடத்தில் மாட்டிக்கொண்டது. கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள், சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும்தான் கேட்டேன். வாழைமரத்தைத் தின்று தீர்த்த செவலை மேடைக்கு எதிரிலேயே முன்காலை மடித்துப் படுத்து, கண்ணை மூடி அசைபோட ஆரம்பித்தது.

தினமும் நிறுத்துகிற அந்த இடம் வந்தது. மிக்சி என்னைப் பார்த்தார். அவர் குட்டிப் பெட்டியைக் காலால் ஒரு மிதி மிதித்தார். கரகரப்பு மொத்தமும் அடங்கிப்போய், ஒற்றைக் கம்பியில், சின்னதாக, தெளிவாக ஒரு மெட்டு வந்தது. அடைமழை ஓய்ந்த பிறகு தென்னங்கீற்றிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுமே, அப்படி. அத்தனை நாள் அரைத்ததெல்லாம் இதற்காகத்தானா என்று இருந்தது. மைக்செட்டுக்காரர் எழுந்து போய், யாரும் சொல்லாமலே, சத்தத்தை ஒரு திருகு கூட்டிவைத்தார்.

ராசாத்தி அக்கா கயிற்றோடு வந்து சேர்ந்தது அப்போதுதான். மாட்டைப் பார்த்துவிட்டார். பாய்ந்து போய்ப் பிடித்திருக்கலாம். போகவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் நின்ற இடத்திலேயே நின்றார். அப்புறம்தான் போய், "எங்கிட்டுடா போய்த் தொலஞ்சே" என்று திட்டிக்கொண்டே கயிற்றை மாட்டினார்.

மாடு போன பிறகும் யாரும் கை தட்டவில்லை. வேன் வந்து, இன்னிசைக் குழு இறங்கி, "என்னங்க, ஏதும் துக்கமா?" என்று கேட்ட பிறகுதான் கூட்டத்துக்கே நினைவு வந்தது.

திரும்பும் வழியில் மிக்சி மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வந்தார். இன்றைக்கு இந்த மனிதரின் சந்தோஷத்தில் மண் விழாமல் இருக்கவேண்டுமே என்று நான் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"மாட்டுக்குப் பயந்துதான் உக்காந்திருந்தாங்க. எனக்குத் தெரியாதாங்க டீச்சர்?"

மொபெட்டை ஒரு குழியைச் சுற்றித் தள்ளிவிட்டு மறுபடி பேசினார்.

"ஆனா கடைசி வாரதுக்கு முன்னாடியே மாடு படுத்துருச்சு. அப்பறமும் உக்காந்திருந்தாங்கள்ல?"

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். படுத்து அசைபோடுகிற மாட்டைக் கண்டு எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைகூடப் பயப்படாது. நாற்காலி தூக்கியவர்கூட அதை இறக்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தார். கணக்குத் தப்பவில்லை.

அன்றைக்கு யாரோ எடுத்த வீடியோ போன் போனாகப் பறந்தது. அதில் மிக்சி இல்லை, ஸ்பீக்கர் பெட்டி மறைத்துவிட்டது. முழுக்க முழுக்கச் செவலைதான். கீழே எழுதியவர்கள் எல்லோரும் மாட்டின் கொம்பையும் திமிலையும் புகழ்ந்திருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும், 'பின்னாடி என்ன மிக்சி ஓடுது?' என்று கேட்டிருந்தார். மிக்சி அதை என்னிடம் ஓடிவந்து காட்டினார்.

"நம்மள முன்னப்பின்ன பாத்ததே இல்லைங்க, கோயம்புத்தூர்க்காரரு. பேரச் சரியாச் சொல்லிருக்காரு பாருங்க" என்றார். தன்னடக்கம்கூட மறந்துபோயிருந்தது.

அடுத்த வருஷம் கமிட்டித் தலைவர் அவரைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார், மாடு ஏதாவது தொலைந்தால். "நாலு மாடாவது தொலையாமயா போயிரும்?" என்று மிக்சி தெம்பாகத்தான் இருக்கிறார். ராசாத்தி அக்கா புது பீரோவைத் திறந்து காட்டும்போதெல்லாம், "இது எங்க தம்பி வாங்கிக் குடுத்தது" என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்வி.

எனக்கு மாற்றல் வந்து இப்போது புதுக்கோட்டையில் இருக்கிறேன். அமைதியான தெரு, இந்தமுறை உண்மையிலேயே. சாயங்காலம் பக்கத்து வீட்டில் சட்னிக்கு மிக்சி ஓடும். நான் பேனாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். தேங்காய் மசிந்ததும் அது பட்டென்று நின்றுவிடும். அந்தக் கடைசிக்காக இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்துபோவேன்.